தாய்க்குக் கறி, குட்டிக்குச் சூடு

மதுரையை அடுத்த அலங்காநல்லூர்ப் பக்கம் தை பிறந்து நெல்லறுப்பு முடிந்தால் வீட்டுக்கு வீடு வைக்கோல் படப்பு எழும்பிவிடும். சல்லிக்கட்டுக் காளை நிற்கிற வீடென்றால் படப்பு இன்னும் ஓர் ஆள் உயரம் கூடுதலாகவே இருக்கும். மாட்டுக்கு உருவி உருவிப் போட்டதில் படப்பின் அடியில் ஒரு பள்ளம் விழும். சினைப்பூனை தேடி அலைவது அந்தப் பள்ளத்தைத்தான். உள்ளே இருட்டு, காற்று அடிக்காது. வைக்கோல் தாளுக்குள்ளும் தாள்களுக்கு இடையிலும் காற்று அடைபட்டுக் கிடப்பதால் வெளியே பனி கொட்டினாலும் உள்ளே சூடு இறங்காது. நுழைய ஒரே வழி. அந்த வழியை அடைத்துக்கொண்டு தாய் படுத்துவிட்டால் நாயும் வர முடியாது, கடுவனும் வர முடியாது. பூனை வளர்ப்புப் புத்தகங்கள் சொல்லும் பேறுகாலப் பெட்டியின் இலக்கணம் முழுவதும் அந்தப் பள்ளத்தில் இருக்கிறது.

பிறகு ஒருநாள் வைக்கோல் உருவப் போன பிள்ளை குட்டிகளைப் பார்த்துவிடும். ஓடிப்போய் ஒரு கிண்ணத்தில் பால் கொண்டுவரும். பிள்ளையின் அன்பில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் கண் திறக்காத குட்டிக்கு நக்கிக் குடிக்கத் தெரியாது. குடித்தாலும் பசும்பால் அதற்குச் சேராது. “குட்டியத் தொடாத சாமி, பெத்தவளுக்குச் சோறு வையி” என்று அப்பத்தாக்கள் தடுப்பதில் பெரிய நியாயம் இருக்கிறது. பிறந்த முதல் மூன்று வாரத்துக்குக் குட்டிக்கு வேண்டிய அத்தனையையும் தாய் தன் உடம்பிலிருந்தே தருகிறாள். அவள் உடம்புக்கு வேண்டியதைத் தருவது நம் வேலை. அந்தச் சோறு என்ன சோறாக இருக்க வேண்டும் என்பதில்தான் அப்பத்தாவுக்கும் அறிவியலுக்கும் வழக்கு.

சினையிலிருந்து தொடங்குவோம். மாட்டுக்குப் பருவம் வந்தால் காளை சேர்ந்தாலும் சேராவிட்டாலும் முட்டை தானாக வெளிப்படும். பூனைக்கு அப்படி இல்லை. இணைசேரும்போது கடுவனின் குறியிலுள்ள நுண்ணிய முட்கள் உரசும் தூண்டல் பெட்டையின் மூளையை எட்ட வேண்டும். அங்கே பிட்யூட்டரி சுரப்பி ஒரு ஹார்மோனை அலையாகப் பாய்ச்ச வேண்டும். அதன் பிறகுதான், ஒன்றிரண்டு நாளில், முட்டைகள் வெளிவரும். ஒரு தடவை சேர்ந்தால் பல சமயம் போதாது. அதனால்தான் பருவத்துக்கு வந்த பெட்டை இரவெல்லாம் கத்துகிறது, தெருவிலுள்ள கடுவன்கள் எல்லாம் ஓட்டுக் கூரையில் கூடுகின்றன. இந்த ஏற்பாட்டால் ஒரே ஈற்றில் பிறக்கும் குட்டிகளுக்கு வேறு வேறு தகப்பன் இருக்கலாம். ஒன்று கறுப்பு, ஒன்று சாம்பல் வரி, ஒன்று வெள்ளையும் மஞ்சளுமாக வந்தால் வியக்க வேண்டியதில்லை.

பூனையின் பருவத்தைத் திறந்து மூடுவது பகல் வெளிச்சம். லண்டனில் கோடைப் பகல் பதினாறு மணி நேரத்தைத் தாண்டும், குளிர்காலப் பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறையும். ஆகவே அங்கே குளிர்காலத்தில் பெட்டைகள் ஓய்ந்துவிடும். மதுரை நிலநடுக்கோட்டிலிருந்து பத்து டிகிரி வடக்கே இருக்கிறது. இங்கே மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். எனவே நம் ஊர்ப் பூனைக்கு ஓய்வு மாதம் என்று உறுதியாக எதையும் சொல்ல முடியாது. ஆண்டு முழுவதும் சினை பிடிக்கும்.

சினைக்காலம் ஏறத்தாழ 63 முதல் 65 நாள். மூன்றாவது வாரத்தில் காம்புகள் சிவந்து எடுப்பாகத் தெரியும். சினையின் முதல் வெளி அடையாளம் அதுதான். அதற்கு முன்பே உள்ளே இன்னொன்று நடக்கத் தொடங்கியிருக்கும். நாய் சினையானால் கடைசி மூன்று நான்கு வாரத்தில்தான் எடை ஏறும். பூனையோ சினைப்பட்ட முதல் வாரத்திலிருந்தே சீராக ஏறிக்கொண்டே போகும். குட்டி போட்டதும் அந்த எடையில் ஏறக்குறைய 40 சதவீதம்தான் இறங்கும். மீதி தாயின் உடம்பிலேயே கொழுப்பாகவும் தசையாகவும் நிற்கும். பால் கொடுக்கும் வாரங்களில் எவ்வளவு தின்றாலும் செலவுக்குக் கட்டுப்படியாகாது என்பதால் உடம்பு முன்கூட்டியே சேர்த்துவைத்துக்கொள்கிறது. ஆகவே “வயிறு தெரியட்டும், அப்புறம் நல்லதாகப் போடலாம்” என்று காத்திருந்தால் பாதிச் சேமிப்புக் காலம் போய்விடும்.

இனி அந்தச் சோறு. நம் வீடுகளில் பூனைக்கு வைப்பது பால்சோறு, தயிர்ச்சோறு, அல்லது மீன்குழம்பு பிசைந்த சோறு. பூனை அதைத் தின்னும். பசித்தால் எதையும் தின்னும். ஆனால் அதன் உடம்பு கறி தின்பதற்கென்றே கட்டப்பட்டது. இனிப்பை உணரும் சுவை ஏற்பி பூனைக்கு வேலை செய்வதில்லை. அதற்கான மரபணு செயலிழந்து கிடப்பதை 2005இல் கண்டுபிடித்தார்கள். காரட்டிலுள்ள மஞ்சள் நிறமியிலிருந்து நாம் வைட்டமின் ஏ தயாரித்துக்கொள்வோம், பூனையால் முடியாது. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை டாரின் என்ற சத்து. மனித உடம்பும் நாயின் உடம்பும் பிற புரதங்களிலிருந்து அதைச் செய்துகொள்ளும். பூனையால் தேவையான அளவு செய்ய முடியாது, இருப்பதையும் பித்தநீரில் சேர்த்து நாள்தோறும் இழந்துகொண்டே இருக்கும். டாரின் தாவரங்களில் அநேகமாக இல்லை. அரிசியிலும் பருப்பிலும் இல்லை என்றே கொள்ளலாம். பாலில் இருப்பது சொற்பம். இறைச்சியிலும் மீனிலும்தான் இருக்கிறது.

இந்த உண்மை வெளிவந்த கதை நீண்டது. 1975இல் ஹார்வர்டில் கே. சி. ஹேய்ஸ் குழுவினர், பால் புரதமான கேசினை மட்டும் புரதமாகக் கொடுத்து வளர்த்த பூனைகளின் விழித்திரை சிதைவதைக் கண்டார்கள். காரணம் டாரின் குறைவு. 1987இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பால் பியான் என்ற கால்நடை மருத்துவர், இதயம் தளர்ந்து வீங்கிச் சாகும் பூனைகளின் இரத்தத்தில் டாரின் மிகக் குறைந்திருப்பதைக் கண்டு, அதைக் கொடுத்தே பல பூனைகளின் இதயத்தை மீட்டார். அவற்றில் பல, கடையில் வாங்கிய உணவை நம்பி வளர்க்கப்பட்டவை. அதன் பிறகுதான் உலகெங்கும் பூனைத் தீனியில் டாரின் அளவை உயர்த்தினார்கள். இதே ஆண்டுகளில் ஜான் ஸ்டர்மன் செய்த ஆய்வுகள் நம் பேச்சுக்கு நேராகப் பொருந்துபவை. டாரின் குறைந்த தாய்க்குக் கரு வயிற்றிலேயே கரைகிறது, கலைகிறது, குட்டி செத்துப் பிறக்கிறது. பிழைத்துப் பிறக்கும் குட்டி எடை குறைந்து, தள்ளாடி நடந்து, மந்தமாகக் கிடக்கிறது.

அப்படியானால் தயிர்ச்சோறு தின்றே தலைமுறை தலைமுறையாகக் குட்டி போடும் பூனைகள்? அவற்றைக் காப்பாற்றியது குதிரடியில் ஓடிய சுண்டெலி. முழு எலியில் டாரினும் உண்டு, எலும்பின் சுண்ணாம்பும் உண்டு, ஈரலின் வைட்டமினும் உண்டு. வீட்டுச்சோறு மேல்வயிற்றுக்கு, எலி உயிருக்கு என்றுதான் அந்தப் பூனைகள் வாழ்ந்தன. நெல் மூட்டை வீட்டில் தங்காத, சிமெண்டுத் தரை போட்ட, எலி மருந்து வைக்கிற இன்றைய வீட்டில் அந்த ஏற்பாடு குலைந்துவிட்டது. மாடிவீட்டுப் பூனைக்குத் தயிர்ச்சோறு மட்டும் வைப்பது அதைப் பட்டினி போடுவதற்குச் சமம். இதை நான் கடுமையாகவே சொல்ல விரும்புகிறேன்.

என்ன வைக்கலாம்? கறிக்கடையில் மலிவாகக் கிடைக்கும் கோழி இதயம் டாரின் நிறைந்தது. தொடைக்கறி, சாளை மீன், அவித்த முட்டை எல்லாம் நல்லவை. ஈரலைக் கொஞ்சமாக, வாரத்தில் ஓரிரு முறை மட்டும் கொடுக்க வேண்டும். தினமும் கொடுத்தால் வைட்டமின் ஏ மிஞ்சிவிடும். கறியைப் பச்சையாகப் போடாமல் வேகவைத்து, வெந்த தண்ணீரையும் சேர்த்தே ஊற்ற வேண்டும். டாரின் தண்ணீரில் கரைந்து இறங்கிவிடும் என்பதால் வடித்துக் கொட்டினால் சத்தைக் கொட்டியது போலத்தான். வெந்த எலும்பு சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும், ஆகவே எலும்பை நீக்க வேண்டும். ஆனால் எலும்பில்லாத கறியை மட்டுமே தின்றால் சுண்ணாம்புச் சத்து போதாமல் தாயின் எலும்பும் குட்டியின் எலும்பும் மெலியும். சினையாக இருக்கும்போதும் பால் கொடுக்கும்போதும் பூனைக்குட்டிக்கான பாக்கெட் தீனியைப் பாதியளவாவது சேர்த்துக்கொள்வது இந்தக் கணக்கையெல்லாம் நமக்காகச் சரிசெய்யும். குட்டித் தீனியைத் தாய்க்கா என்று கேட்க வேண்டாம். குட்டிக்குத் தேவையான அடர்த்திதான் அவளுக்கும் தேவை.

குழம்பில் கிடந்த மீனை மட்டும் தூக்கிப் போடாதீர்கள். வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை உடைப்பவை. குழம்புச்சோறு தினப்படி ஆனால் சோகை வரும், சினைப்பூனைக்கு அது இரட்டைக் கேடு. கருவாட்டை விரும்பித் தின்னும். உப்புக்காக அதையும் விலக்க வேண்டும். பால் கொடுப்பது உச்சத்தில் இருக்கும் மூன்றாவது நான்காவது வாரங்களில், நாலைந்து குட்டிகள் இருந்தால், தாய்க்கு வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு உணவு வேண்டியிருக்கும். வேளை கணக்கு வைக்காமல் தட்டில் எப்போதும் இருக்கும்படி செய்வதே வழி. பக்கத்தில் ஒரு சட்டி நிறையத் தண்ணீர். பால் தண்ணீரிலிருந்துதானே வரவேண்டும்.

குட்டி போடும் நாள் நெருங்கினால் தாய் பீரோ அடி, பரண், துணி மூட்டை என்று மோந்து பார்த்துக்கொண்டே திரிவாள். ஓர் அட்டைப்பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, பழைய பருத்திப் புடவையை நாலாக மடித்துப் போட்டு, ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில் ஒரு வாரம் முன்பே வைத்துவிடுங்கள். தேங்காய்நார் மெத்தையும் பிரிந்த கம்பளியும் வேண்டாம். குட்டியின் நகம் மாட்டிக்கொள்ளும். பேறுக்கு ஏறத்தாழ ஒருநாள் முன் தாயின் உடற்சூடு ஒரு டிகிரி போல இறங்கும், பல பூனைகள் சோற்றைத் தொடமாட்டா.

பிறகு நடப்பதை ஒருமுறையாவது தூரத்திலிருந்து பார்க்க வேண்டும். தாய் பக்கவாட்டில் படுத்து முக்குகிறாள். சவ்வுப்பைக்குள் சுருண்ட ஈரமான ஓர் உருவம் வந்து விழுகிறது. அவள் திரும்பிப் பையைக் கடித்துக் கிழிக்கிறாள், முகத்தை முதலில் நக்குகிறாள், சொரசொரப்பான நாக்கு இழுத்த இழுப்பில் குட்டி வாய் பிளந்து முதல் மூச்சை இழுக்கிறது. கொப்பூழ்க்கொடியைக் கடைவாயில் வைத்து நசுக்கித் துண்டிக்கிறாள்; கத்தியால் வெட்டினால் கொட்டக்கூடிய இரத்தம், நசுக்கியதால் நாளம் சுருங்கி நின்றுவிடுகிறது. நஞ்சுக்கொடியைத் தின்றுவிடுகிறாள். நம் ஊரில் பசு ஈன்றால் நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுவார்கள். பூனை தன் சேதியை நாய்க்கும் நரிக்கும் தெரிவிக்காமலிருக்க வேறு வழி வைத்திருக்கிறது.

அடுத்த குட்டி பத்து நிமிடத்தில் வரலாம், ஒரு மணி நேரத்திலும் வரலாம். கூட்டம் கூடி எட்டிப் பார்த்தால் பேற்றையே பல மணி நேரம் நிறுத்திவைக்கும் ஆற்றல் பூனைக்கு உண்டு. ஆகவே விளக்கை அணைத்துவிட்டு விலகி இருப்பதே உதவி. ஆனால் அரைமணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வரவில்லை, பாதி வந்து சிக்கிவிட்டது, நாற்றமடிக்கும் நீர் வருகிறது, தாய் துவண்டு கிடக்கிறாள் என்றால் காத்திருக்கக் கூடாது. கால்நடை மருத்துவரிடம் அப்போதே கொண்டுபோக வேண்டும். கறவை மாட்டுக்குப் போடும் ஊசியை மருத்துவர் சொல்லாமல் போட்டுவிட்டால், குட்டி குறுக்கே மாட்டியிருக்கும் கருப்பை கிழிந்துபோகக்கூடும்.

பிறந்த குட்டி ஏறத்தாழ 100 கிராம். கண் மூடி, காது மடிந்து, நடுங்கக்கூடத் தெரியாமல் வருகிறது. நடுங்கத் தெரியாமல் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: முதல் வாரத்தில் தசையை உதறிச் சூடு உண்டாக்கும் வித்தை அதற்கு வாய்ப்பதில்லை. உடற்சூடு 35, 36 டிகிரிதான் இருக்கும். தாய்க்கு 38க்கு மேல். அவள் வயிற்றை ஒட்டிக் கிடந்தால்தான் அந்தச் சூடும் நிற்கும். குளிர்நாட்டுப் புத்தகங்கள் சூட்டுவிளக்கு, சூட்டு மெத்தை என்று பக்கம் பக்கமாகச் சொல்வது இதனால்தான். அவற்றை மதுரைக்கு அப்படியே கொண்டுவரக் கூடாது. முதல் வாரக் குட்டிக்குச் சுற்றிலும் 30 டிகிரி போல இருந்தால் போதும். சித்திரையில் நம் வீட்டு நடுக்கூடமே அதைத் தாண்டிவிடும். இங்கே கோடையில் குட்டிகளைக் கொல்வது தகரக் கொட்டகை. வெயில் ஏறிய தகரத்தின் கீழ் வைத்த பெட்டியில் தாய் தாங்காமல் வெளியே போய்ப் படுத்துவிடுவாள், நகரத் தெரியாத குட்டிகள் வெந்துகொண்டு கிடக்கும். மாறாக ஐப்பசி கார்த்திகை அடைமழையிலும் மார்கழிப் பனியிலும் நனைந்த குட்டி ஒரே இரவில் விறைத்துவிடும். குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்து கிடந்தால் குளிர்கிறது என்று பொருள், ஆளுக்கொரு மூலையாகப் பரந்து வாய் திறந்து கிடந்தால் வேகிறது என்று பொருள். தெர்மாமீட்டர் தேவையில்லை.

முதல் பாலின் கதை கன்றுக்குட்டி வளர்ப்பவர்களுக்கு எளிதில் விளங்கும். பசுவின் நஞ்சுக்கொடி தடித்தது. நோய் எதிர்ப்புப் புரதம் அதைக் கடந்து கன்றுக்குப் போகாது. சீம்பாலில்தான் போக வேண்டும். பூனையின் நஞ்சுக்கொடி அதைவிட மெல்லியதுதான் என்றாலும் கடப்பது மிகச் சொற்பம், பெரும்பங்கு பாலில்தான் வருகிறது. அந்தப் பெரிய புரதங்களை உடைக்காமல் முழுசாக இரத்தத்துக்குள் விடும் குடல்வாசல் பிறந்து ஏறக்குறைய 16 மணி நேரத்தில் மூடிவிடும். அதற்குள் ஒரு குட்டியும் பால் குடிக்காமல் விடுபட்டுவிடக் கூடாது. தாயைத் தொந்தரவு செய்யாதீர்கள் என்று சொல்லிவந்த நான் இந்த இடத்தில் எட்டிப் பார்க்கச் சொல்வேன். சவலையாக ஒதுங்கிக் கிடக்கும் குட்டியை எடுத்து, பால் நிறைந்த பின்வரிசைக் காம்பில் பிடித்துவிடலாம். நம் கை பட்ட வாடைக்காகப் பழகிய பூனை குட்டியை ஒதுக்குவதில்லை.

கண் தெரியாத குட்டி காம்பை எப்படிக் கண்டுபிடிக்கிறது? மூக்கால். மெக்சிகோவில் ராபின் ஹட்சனின் குழுவினர் இதைத் துல்லியமாக ஆராய்ந்திருக்கிறார்கள். பால் கொடுக்கும் எந்தத் தாயின் வயிற்று வாடையும் பிறந்த குட்டியைக் காம்புக்கு இழுக்கும். ஆனால் சில நாள்களில் ஒவ்வொரு குட்டியும் இது என் காம்பு என்று ஒன்றிரண்டைப் பழகிக்கொண்டு நேராக அங்கே போகத் தொடங்கிவிடும். சண்டை குறைகிறது, நகம் தாயின் மடியைக் கீறுவது குறைகிறது. இதற்கு முன்பே 1960களில் ஜே ரோசன்பிளாட் என்ற அமெரிக்க ஆய்வாளர், கண் திறக்காத குட்டியைப் பெட்டியின் வேறு மூலையில் வைத்தால் அது வாடை பிடித்துத் தன் படுக்கை மூலைக்கே ஊர்ந்து திரும்புவதைக் காட்டினார். இதைத் தெரிந்துகொண்டால் படுக்கைத் துணியை நாள்தோறும் சலவைத்தூள் போட்டு வெளுக்கமாட்டோம். அந்த வாடைதான் குட்டிக்கு முகவரி. நனைந்த, அழுக்கான துணியை மட்டும் மாற்றி, பழைய துணியில் ஒரு துண்டை உள்ளே விட்டுவைக்க வேண்டும்.

பினாயில் போட்டுத் துடைப்பதோ முற்றிலும் கூடாது. பூனையின் ஈரல் பீனால் வகைகளைக் கழித்து வெளியேற்றத் திணறும். தரையில் ஊற்றியது காலில் ஒட்டும், காலை நக்கும், அப்படியே உள்ளே போகும். இதே ஈரல் குறைபாடுதான் பாராசிட்டமால் மாத்திரையைப் பூனைக்கு விஷமாக்குகிறது. மடி வீங்கிக் காய்ச்சலில் கிடக்கும் தாய்க்கு அரை மாத்திரை போதும் என்று கரைத்து ஊற்றினால், இரத்தம் ஆக்ஸிஜனைத் தாங்கும் திறனை இழந்து ஈறு பழுப்பாகி அன்றோ மறுநாளோ செத்துவிடும். ஒரு மடி மட்டும் சூடாகக் கல்லாக இருக்கிறது, குட்டிகள் ஓயாமல் கத்துகின்றன என்றால் அது மடிநோய். மருத்துவர்தான் பார்க்க வேண்டும்.

குட்டி தேறுகிறதா என்று அறிய சமையலறைத் தராசு போதும். தினம் ஒரே நேரத்தில் எடை போட்டால் பத்துப் பதினைந்து கிராம் ஏறியிருக்க வேண்டும். ஒரு நாள் ஏறாவிட்டால் கவனியுங்கள், இரண்டு நாள் ஏறாவிட்டால் காரணம் தேடுங்கள். ஏறக்குறைய பத்தாம் நாளில் பிறந்த எடை இரட்டிப்பாகும், கண்ணும் அந்த வாக்கில் திறக்கும்.

இனி தூக்கிப் போவது. பூனை குட்டி போட்டால் ஏழு வீடு மாற்றும் என்பார்கள். ஏழு என்பது வாய்ப்பேச்சு, மாற்றுவது மெய். ஒரே இடத்தில் இருந்தால் வாடை ஏறும், தெள்ளுப்பூச்சி பெருகும், கடுவன் மோப்பம் பிடிப்பான். தன் வாரிசல்லாத குட்டிகளைக் கடுவன் கொல்வது உண்டு. குட்டி போனால் தாய் விரைவில் மறுபடி பருவத்துக்கு வருவாள்.

பிடரியைத் தாய் கவ்வியதும் குட்டி என்ன செய்கிறது என்று உற்றுப் பாருங்கள். வாலை வயிற்றோடு சுருட்டி, பின்னங்காலை மடக்கி, சத்தம் அடங்கி, துவண்டு தொங்குகிறது. இந்தக் காட்சி தமிழ் வைணவத்தில் பெரிய தத்துவமாகவே வளர்ந்தது. குரங்குக்குட்டி தாயைத் தான் பற்றிக்கொள்கிறது. பூனைக்குட்டி சும்மா இருக்க, தாய் பற்றிக்கொள்கிறாள். இறைவன் அருளை விளக்க வடகலையார் முதலதையும் தென்கலையார் இரண்டாவதையும் எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். தென்கலை மரபின் பேராசான் பிள்ளை லோகாசாரியார், 1323இல் டெல்லிப் படை திருவரங்கத்தைத் தாக்கியபோது பெருமாளின் திருமேனியைச் சுமந்து வந்து, யானைமலை அடிவாரக் கொடிக்குளத்தில்தான் பரமபதித்தார் என்பது வைணவ மரபு. அலங்காநல்லூரிலிருந்து அதிகத் தொலைவில்லை.

அந்தக் குட்டி சும்மாவா இருக்கிறது? அறிவியல் இன்னும் ஓர் அடி உள்ளே போய்ப் பார்த்தது. 2008இல் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டன் உள்ளிட்டோர், வளர்ந்த பூனைகளின் பிடரித் தோலில் சாதாரணக் கிளிப்பை மாட்டியபோதே பல பூனைகள் அடங்கி, முதுகை வளைத்து, வாலைச் சுருட்டுவதைப் பதிவு செய்தார்கள். இதயத்துடிப்பு எகிறவில்லை, கண்மணி விரியவில்லை. பயத்தில் உறைந்த நிலை இதுவல்ல என்று முடிவு கட்டினார்கள். அடங்குவதற்கென்றே நரம்பில் எழுதப்பட்ட ஒரு செயல் இது. திமிறுகிற குட்டியைத் தூக்கிக்கொண்டு சுவர் ஏற எந்தத் தாயாலும் முடியாது. தாய் சுமப்பதும் குட்டி தன்னை விடுவதும் இரண்டு பேரும் சேர்ந்து செய்கிற வேலை. வளர்ந்த பூனைக்கு இதன் எச்சம் மிஞ்சியிருக்கிறதே என்று அதைப் பிடரியால் தூக்கிவிடாதீர்கள். சினைப்பூனையை ஒரு கையால் மார்பையும் மறு கையால் பின்புறத்தையும் தாங்கித்தான் தூக்க வேண்டும்.

தாய் திரும்பி வருவாள் என்ற நம்பிக்கையை ஒரு முறையாகவே ஆக்கியவர்கள் மராட்டியத்தின் ஜுன்னர் பகுதியில் இருக்கிறார்கள். அங்கே கரும்பு வெட்டும்போது தோகைக்குள் சிறுத்தைக் குட்டிகளும் காட்டுப்பூனைக் குட்டிகளும் துரும்பன் பூனைக் குட்டிகளும் அடிக்கடி அகப்படும். வனத்துறையும் வைல்ட்லைஃப் எஸ்ஓஎஸ் அமைப்பும் அவற்றைச் சோதித்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் எடுத்த அதே இடத்தில் பெட்டியில் வைத்துவிட்டு விலகிவிடுவார்கள். இருட்டில் தாய் வந்து கவ்விக்கொண்டு போவது கேமராவில் பலமுறை பதிவாகியிருக்கிறது. அலங்காநல்லூர் சர்க்கரை ஆலையில் அரவை நின்றதிலிருந்து இங்கே கரும்புப் பரப்பு சுருங்கிவிட்டது. ஆனால் மிஞ்சிய கரும்புக் காட்டிலும் அழகர்மலைப் பக்கத்துத் தோட்டங்களிலும் குட்டி அகப்பட்டால் செய்ய வேண்டியது இதுதான். காட்டுப்பூனைக் குட்டியை வீட்டில் வைத்துக்கொள்வது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும். படப்பில் கண்ட வீட்டுப்பூனைக் குட்டிக்கும் அதே பொறுமை வேண்டும். தாய் இரை தேடப் போயிருப்பாள். வயிறு உருண்டு, அமைதியாகத் தூங்கும் குட்டிக்குத் தாய் இருக்கிறாள்.

வயிறு ஒட்டி, குளிர்ந்து, கத்திக்கொண்டே இருந்து, மணிக்கணக்கில் தாயும் வரவில்லையென்றால்தான் நாம் தாயாக வேண்டும். முதலில் சூடு, பிறகுதான் பால். உடம்பு சில்லிட்ட குட்டியின் குடல் இயங்காது. அதில் பால் ஊற்றினால் உள்ளேயே புளித்து உயிரை வாங்கும். வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி அருகில் வைத்து மெதுவாகச் சூடேற்ற வேண்டும். பூனைப்பாலில் உள்ள புரதம் பசும்பாலைவிட இரு மடங்குக்குக் குறையாது. ஆகவே கால்நடை மருந்துக் கடையில் கிடைக்கும் பூனைக்குட்டிப் பால்பொடியே முறை. முதல் வாரத்தில் இரண்டு மூன்று மணிக்கு ஒருதரம், இரவிலும் கொடுக்க வேண்டும். கைக்குழந்தைக்குச் சங்கில் ஊற்றுவது போல மல்லாத்திப் பிடிக்காதீர்கள். பால் நுரையீரலுக்குப் போய்விடும். குப்புறப் படுத்து, தலை சற்றே நிமிர்ந்து, தாயிடம் குடிக்கிற வாக்கிலேயே குடிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் வெதுவெதுப்பான ஈரப்பஞ்சால் அடிப்பகுதியை மெல்லத் தடவ வேண்டும். மூன்று வாரம் வரை குட்டியால் தானாகச் சிறுநீர் கழிக்க முடியாது. தாய் நக்கினால்தான் வரும். பாலூட்டத் தெரிந்தவர்கள்கூட இதைத் தெரியாமல் குட்டிகளை இழந்திருக்கிறார்கள்.

வீட்டில் பிள்ளைத்தாய்ச்சிப் பெண் இருந்தால் பூனையைத் துரத்து என்ற பேச்சு வரும். அச்சத்துக்குக் காரணமான டாக்சோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரியின் விதைப்பைகள் பூனை மலத்தில் வெளிவருவதை 1970இல் விளக்கியவர்களில் ஒருவர் இந்தியாவில் பிறந்து இங்கே கால்நடை மருத்துவம் படித்த ஜே. பி. துபே. அந்த விதைப்பை வெளிவந்த உடனே தொற்றாது. பக்குவப்பட ஒருநாளாவது ஆகும். பெரும்பாலான பூனைகள் வாழ்நாளில் ஒன்றிரண்டு வாரம்தான் அதை வெளியிடும். ஆகவே மலத்தை அன்றன்றே, வீட்டிலுள்ள வேறொருவர் அகற்றினால், கறியை வேகவைத்தே பூனைக்கும் நமக்கும் வைத்தால், மண் அளைந்த கையைக் கழுவினால், அபாயம் மிகவும் குறைந்துவிடும். தாய்ப்பூனையையோ குட்டிகளையோ வீட்டைவிட்டு அனுப்பத் தேவையில்லை. தாய் ஆவேசத்தில் கடித்தோ கீறியோ விட்டால் மட்டும் அசட்டையாக இருக்கக் கூடாது. சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, வெறிநாய்க்கடி ஊசிக்கு அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். பூனையாலும் அந்த நோய் வரும்.

இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரை குட்டி யாரைப் பார்த்துப் பழகுகிறதோ அவர்களை வாழ்நாள் முழுவதும் நம்பும். தினம் கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொள்வது இந்தக் காலத்தில்தான் பலன் தரும். நாலாவது வாரத்தில் தாய் செத்த எலியைக் கொண்டுவந்து போட்டு அழைப்பாள், பிறகு உயிரோடு கொண்டுவருவாள். நாமும் அப்போது வெந்த கறியை மசித்து வைக்கலாம். எட்டு வாரத்துக்கு முன் குட்டியை யாருக்கும் கொடுக்காதீர்கள். தடுப்பூசியை ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறாவது வாரம் வரை தொடர வேண்டும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி தடுப்பூசியை வேலை செய்யவிடாமல் தடுக்கும். அது எந்த வாரத்தில் தீரும் என்று குட்டிக்குக் குட்டி மாறும்.

பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே தாய் மீண்டும் பருவத்துக்கு வந்து சினைப்படக்கூடும். ஆண்டு முழுவதும் பகல் நீளம் அதிகம் மாறாத நம் ஊரில் அவள் உடம்பு தேற இடைவெளியே கிடைக்காது. அடுத்தடுத்த ஈற்றில் குட்டிகள் சிறுத்துக்கொண்டே போவதை ஊரில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். குட்டிகள் பால் மறந்ததும் தாயின் தீனியைப் பழைய அளவுக்குக் குறைத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் மடி வற்றும். அதுதான் கருத்தடை அறுவைக்கு ஏற்ற நேரம். அதுவரை அவளை இரவில் வீட்டுக்குள் அடைத்து வைக்க வேண்டும். அலங்காநல்லூர்க்காரர்கள் தேதி குறிக்கும்போது தை மாதத்தின் முதல் பாதியை விட்டுவிடுவது நல்லது. சல்லிக்கட்டுக் காளைகளுக்குச் சோதனை நடக்கும் அந்த நாள்களில் கால்நடை மருத்துவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது.